டூட்டி மாறும்போது ஒப்படைத்த மகள்

1

குவைத்தில் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபது. புதுக்கோட்டையில் அப்போது மதியம் ஒன்று ஐம்பது. நான் சிசேரியன் அறையில் கையுறையோடு நின்றிருந்தேன். என் போன், உடை மாற்றும் அறையில் பூட்டிய லாக்கருக்குள் இருந்தது. அந்த நேரத்தில்தான் குவைத்தில் எங்கள் பிளாட்டில், என்னோடு தங்கியிருக்கும் ஜெயந்தி அக்கா என் மகள் கயல்விழியின் வாட்ஸ்அப்பில் நான்கு வரிகளைப் படித்தார். படித்ததோடு விடாமல் தன் போனில் அதைப் படமும் எடுத்தார்.

"மூணு மாசமா வரலடி."

"நாளைக்கு ஸ்கேன். தண்ணி நெறைய குடிச்சிட்டு வரச் சொல்லிருக்காங்க."

"நீயும் கூட வா. தனியா போக பயமா இருக்கு."

"வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாது. அம்மாவுக்குச் சுத்தமா தெரியக் கூடாது."

கயல் இதை எழுதியது அவளோடு படிக்கும் பவித்ராவுக்கு. கல்லூரியில் மதியச் சாப்பாட்டு நேரம். எழுதிய சில நிமிடங்களிலேயே நான்கு வரிகளையும் அழித்தும் விட்டாள். அழித்ததுதான் ஜெயந்தி அக்காவுக்குப் பெரிய ஆதாரமாகப் போயிற்று.

அன்று எனக்கு அடுத்தடுத்து இரண்டு கேஸ். இரண்டாவது குழந்தை கொஞ்சம் தாமதித்து அழுதது, பிறகு நன்றாக அழுதது. நான் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, ஊரில் என் மகளுக்குச் செய்ய நினைத்ததை எல்லாம் செய்து முடித்திருந்தார்கள்.

2

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீடு. கணவருக்குப் புதுக்கோட்டை டவுனில் பெயிண்ட் கடை. நான் இங்கே குவைத்தில் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் நர்ஸ். கயல் எங்களுக்கு ஒரே பெண், பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவள் பால்வாடி போகும் வயதில் நான் விமானம் ஏறினேன். அவளுடைய பள்ளிக்கூட ஆண்டு விழாக்களை எல்லாம் நான் யாரோ ஒருவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்த வீடியோவில்தான் பார்த்தேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நேற்று நடந்த ஒரு சின்ன விஷயம். எங்களோடு தங்கியிருக்கும் அமுதா கரூர்க்காரி. நைட் டூட்டிக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு மேசையில் இருந்த பழைய டேப்லெட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"அக்கா, தம்பிய கொஞ்சம் பாத்துக்கங்க."

தம்பி என்றது ஊரில் பத்தாவது படிக்கும் அவள் மகனை. நான் டேபைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

"நான் பாக்க மாட்டேன். எடுத்துட்டுப் போயி ஒன் அலமாரில வச்சுப் பூட்டு."

அவள் முகம் சுண்டிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு இது புரிய வேண்டுமானால் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நர்ஸுகள் டூட்டி மாறும்போது சும்மா கிளம்பிவிட முடியாது. அடுத்து வருகிறவரைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிப் போய், இவருக்கு இன்ன மருந்து கொடுத்தாயிற்று, இவருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, இவரை விட்டு நகராதே என்று ஒப்படைக்க வேண்டும். வாங்கிக்கொண்டவர் தலையாட்டிய பிறகுதான் முந்தையவர் வீட்டுக்குப் போகலாம். நாங்கள் மூன்று பேர், ஜெயந்தி அக்கா, அமுதா, நான், ஒரே பிளாட்டில் இருக்கிறோம். மூவருக்கும் ஊரில் வளர்ந்த பிள்ளைகள். மூவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கும் நாள் அபூர்வம். ஆகவே பிள்ளைகளையும் ஒப்படைத்தோம்.

அந்த டேபில் மூன்று பிள்ளைகளின் வாட்ஸ்அப்பும் திறந்திருக்கும். போன விடுமுறையில் ஊருக்குப் போனபோது, கயலுக்கு நல்ல போன் வாங்கிக் கொடுத்து, அம்மா பார்ப்பேன் என்று அவளிடம் சொல்லியேதான் அதை இணைத்தேன். ஒளித்துச் செய்யவில்லை. யாரோடு பேசினாள், எப்போது கால் வந்தது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் தெரியும். டூட்டி முடிந்து நான் செருப்பைக் கழற்றும்போதே ஜெயந்தி அக்கா ரிப்போர்ட் கொடுப்பார்.

"கயலு காலேஜ் போயிட்டா. பஸ்ல இருந்து பவித்ராவுக்கு மூணு மெசேஜ். நோட்ஸ் கேட்டிருக்கா. புது நம்பர்லேருந்து ஒரு மிஸ்டு கால், திருப்பிக் கூப்பிடல."

"சாப்பிட்டாளாக்கா?"

"அத அவ எழுதலயே."

இதைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். அக்காவின் மகனைப் பற்றி நானும் இப்படித்தான் ரிப்போர்ட் கொடுத்தேன். மன்னார்குடியில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பையன் தன் நண்பனிடம் அழுததை, அவனை நேரில் பார்த்திராத நான் படித்து, அவன் அம்மாவிடம் ஒப்படைத்திருக்கிறேன். எங்கள் மூவருக்கும் அதில் ஒரு கூச்சமும் இருக்கவில்லை. உடம்பைத் திறந்து பார்த்துப் பிழைக்கிறவர்களுக்குப் போனைத் திறந்து பார்ப்பது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

3

வார்டில் இன்னொரு விதி உண்டு. ஒரு டாக்டர் போனை எடுக்கவில்லை என்றால் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். அவரும் எடுக்கவில்லையா, அதற்கடுத்தவர். யாராவது ஒருவர் எடுக்கும்வரை விடக் கூடாது. விட்டால் வேலை போய்விடும்.

ஜெயந்தி அக்கா அந்த விதியை என் வீட்டில் நடத்தினார். நான் எடுக்கவில்லை. என் கணவர் கடைக்குப் பின்னால் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தார், போன் கல்லாப் பெட்டியில் கிடந்தது. மூன்றாவதாக அக்காவிடம் இருந்த நம்பர் என் நாத்தனார் திலகவதியுடையது. அரிமளத்தில் இருக்கிறார். போன வருடம் யாரோ ஒருவர் மூலம் சோப்பும் தைலமும் கொடுத்தனுப்பியபோது சேமித்த நம்பர். அவர் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். படத்தையும் அக்கா அனுப்பிவிட்டார்.

நாத்தனாரும் அவர் கணவரும் கார் பிடித்துக் கல்லூரிக்குப் போனார்கள். அப்பாவுக்கு நெஞ்சு வலி, கூட்டிப் போக வந்திருக்கிறோம் என்று சொல்லிக் கயலை வகுப்பிலிருந்து வெளியே வரவழைத்தார்கள். அவள் அழுதுகொண்டே ஓடி வந்து காரில் ஏறியிருக்கிறாள். கூடவே பவித்ராவும் ஏறிக்கொண்டாள், இறங்கச் சொல்லியும் இறங்கவில்லை. கார் பழைய பேருந்து நிலையம் தாண்டிய பிறகுதான் அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். வழியில் ஒரு மெடிக்கலில் நிறுத்தி நாத்தனாரின் கணவர் கர்ப்பம் பார்க்கும் அட்டை வாங்கினார். அவளுடைய மாமா, வாங்கியது அவர்.

வீட்டில் என்ன நடந்தது என்று விவரமாக எழுத மாட்டேன். குளியலறைக் கதவுக்கு வெளியே அத்தை நின்றார், கதவைத் தாழ்ப்பாள் போட விடவில்லை. இவ்வளவு போதும்.

நான் லாக்கரைத் திறந்து போனை எடுத்தபோது நாத்தனார்தான் லைனில் வந்தார். குரலில் அத்தனை குளிர்ச்சி.

"ஒண்ணுமில்ல செல்வி, பயப்படாத. ஒத்தக் கோடுதான். நல்ல வேளை நாங்க பக்கத்துல இருந்தோம். நீ அங்கிட்டு இருந்துக்கிட்டு என்ன பண்ணுவ, பாவம்."

எனக்கு எதைப் பற்றிப் பேசுகிறார் என்று புரியவே சற்று நேரம் ஆனது. புரிந்த பிறகு நான் கேட்ட முதல் கேள்வி எது என்பதையும் எழுதிவிடுகிறேன். "நல்லாப் பாத்தீங்களா அண்ணி, ஒரு கோடுதானா?" என்று கேட்டேன்.

அந்த நான்கு வரிகளை நான் படித்திருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன். எங்கள் வார்டுக்கு அந்தப் புகாரோடு வரும் எந்தப் பெண்ணுக்கும் முதலில் பார்ப்பது அதுதான். நூறு காரணம் இருக்கும், முதலில் பார்ப்பது அது.

4

காரணம் நீர்க்கட்டி. கடைக்குத் தகவல் போய் என் கணவர் வீட்டுக்கு வந்தபோது, வாசல் படியில் உட்கார்ந்திருந்த பவித்ராதான் சொல்லியிருக்கிறாள். "அங்கிள், கயலுக்கு நீர்க்கட்டி இருக்கானு பாக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. அதுக்குத்தான் ஸ்கேன். இத நான் கார்லயே சொன்னேன். யாரும் காதுல வாங்கல."

அன்று மாலை கணவரின் போனில் கயல் பேசினாள். அழவில்லை.

"நீங்க படிக்கிறது எனக்குத் தெரியும்மா. அதுக்குத்தான் ஒங்க டூட்டி சார்ட்ட வச்சுப் பாத்து, நீங்க ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கற நேரமா எழுதுவேன். எழுதிட்டு அழிச்சிருவேன். அந்த ஆன்ட்டி படிக்கிறது எனக்குத் தெரியாது."

"கயலு, அம்மா சொல்றத..."

போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

மாதா மாதம் டூட்டி சார்ட்டைப் படம் எடுத்து அனுப்புவது நான்தான். எந்த நேரத்தில் கூப்பிட்டால் அம்மா எடுப்பேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. எந்த நேரத்தில் நான் இல்லை என்று பார்க்க அவள் அதை வைத்திருந்திருக்கிறாள். நான் இல்லாத நேரத்தைத்தான் ஜெயந்தி அக்காவிடம் நான் ஒப்படைத்திருந்தேன்.

பதினைந்து வருடங்களாகப் பெண்களின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் வேலை செய்கிறேன். என் மகள் மூன்று மாதம் அந்தக் கவலையை வைத்துக்கொண்டு, டவுனில் முன்பின் தெரியாத ஒரு டாக்டரம்மாவிடம் டோக்கன் வாங்கிக் காத்திருந்திருக்கிறாள். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, எனக்கே தெரியும். போன வருடம் முடி கொட்டுகிறது என்று ஒரு தடவை சொன்னாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன். அமுதா தைராய்டு என்றாள். ஜெயந்தி அக்கா இரும்புச்சத்து என்றார். பக்கத்து பிளாட்டிலிருந்து சர்க்கரை கேட்டு வந்த மலையாளி சிஸ்டரும் ஒன்று சொன்னார். மாதவிடாய் எப்படி, மலம் எப்படிப் போகிறது என்று நான் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டே கேட்டேன். "நான் ஒங்க பேஷண்ட் இல்லம்மா" என்று சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு உடம்பைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கல்லூரிப் பையோடு கிளம்பினாள். பவித்ராவோடு போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டாள். அங்கிருந்தே திருவரங்குளத்தில் இருக்கும் பவித்ராவின் வீட்டுக்குப் போய்விட்டாள். போனை அணைத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். இங்கே டேபில் அவள் பெயருக்கு நேரே பழைய மெசேஜ் மட்டும் நின்றது. ஒவ்வொரு டூட்டி முடிந்து வந்தும் நான் அதைப் பார்த்தேன்.

5

அவசர விடுப்பு கேட்டுப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் எகிப்துக்காரர், நல்ல மனிதர், கணினியில் காரணம் தேடினார். மரணம், நோய், திருமணம். நான்காவது இல்லை.

"யார் இறந்தது?" என்று கேட்டார்.

யாரும் இல்லை என்றேன். என் மகள் என்றேன். அவர் பதறி எழுந்துவிட்டார். இல்லை இல்லை, உயிரோடு இருக்கிறாள், என்னோடு பேசவில்லை என்று என் அரைகுறை அரபியில் சொன்னேன். திரும்ப உட்கார்ந்து, தன் மகனும் பேசுவதில்லை, அதற்கெல்லாம் இந்த நாட்டில் விடுப்பு கிடையாது என்றார். கடைசியில் நோய் என்று போட்டார். யாருக்கு நோய் என்ற இடத்தில் தாய் என்று வந்தது. அப்படியே இருக்கட்டும் என்றேன்.

கிளம்பும் முன் சமையலறையில் ஜெயந்தி அக்காவோடு சண்டை. என்னைவிட மூத்தவர். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்குச் சாதம் போட்டவர். எல்லாம் ஞாபகம் இருந்தும் கத்தினேன்.

"எனக்காகக் காத்திருக்கக் கூடாதாக்கா? ஒரு ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு மணி நேரத்துல என்ன வேணா ஆகும். நீயும் நர்சுதானே."

"அவ பேஷண்ட் இல்ல."

"பேஷண்ட் இல்லாதவள எதுக்கு எங்கிட்ட ஹேண்ட் ஓவர் பண்ணுன? நான் கேட்டேனா? நாளைக்கே திரும்பப் பாத்தாலும் திரும்பக் கூப்பிடத்தான் செய்வேன், தெரிஞ்சிக்க."

மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. இப்போது பிரிட்ஜில் அவர் பால் தனி, என் பால் தனி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, வேண்டியதை அமுதா வழியாகச் சொல்லி அனுப்புகிறோம்.

6

திருச்சியில் இறங்கி வீட்டுக்குப் போனேன். கணவர் பையை வாங்கி உள்ளே வைத்த கையோடு ஆரம்பித்தார்.

"எங்கக்காவ மட்டும் குத்தம் சொல்லாத. நீதான ஊருக்கே தெறந்து போட்ட?"

"நீங்க ஒரு போன எடுத்துருந்தா இவ்வளவும் இல்ல."

"நான் கடைல யாவாரம் பாப்பனா, நாட்டுல எவ கூப்பிடுறான்னு பாத்துக்கிட்டு இருப்பனா?"

இரண்டு தடவை திருவரங்குளம் போய் வந்திருந்தார். கயல் அவரோடு நன்றாகப் பேசினாளாம், காபி போட்டுக் கொடுத்தாளாம். கிளம்பலாம் என்று சொன்னதும், அம்மா திரும்பிப் போகட்டும், அப்புறம் வாரேன் என்றாளாம்.

அடுத்த நாள் நாத்தனார் வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. பூவும் பழமும் வாங்கி வந்திருந்தார், பிள்ளைக்குத் திருஷ்டி கழிக்க வேண்டும் என்றார். அரிமளத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டேன்.

"நான் யார்ட்ட சொன்னேன்? கார் ஓட்டுன பய சொல்லிருப்பான்."

"கார்ல வச்சு எதுக்கு அண்ணி கேட்டீங்க அவள?"

"பின்ன கோயில்ல வச்சா கேப்பாங்க? இந்தா பாரு செல்வி, புள்ளைய விட்டுட்டுப் போனவ நீ. காய்ச்சல்னா நான்தான் ஓடியாந்தேன். இப்ப வந்து கேள்வி கேக்குற."

"காய்ச்சலுக்கு வந்தீங்க, இல்லேங்கல. இதுக்கு ஒங்கள யாரு வரச் சொன்னா?"

"ஒன் கூட்டாளிதான் சொன்னா. ஒன் சம்மதம் இல்லாமலா என் நம்பரு அவகிட்ட இருக்கு?"

மடக்கிப் பேசினால் எனக்கு வார்டு அரபிதான் வாயில் வரும். "கலாஸ்" என்றேன், முடிந்தது, போகலாம் என்ற பொருளில். அவருக்கு அந்த வார்த்தை தெரியாது, என் முகம் தெரியும். பூவையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சம்பாதிக்கிற திமிரு" என்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகளை நம்புங்கள், அவர்கள் போனைத் தொடாதீர்கள் என்று எழுதுகிறவர்களை நானும் படிக்கிறேன். அவர்களில் பலருக்குப் பிள்ளை அடுத்த அறையில் தூங்குகிறது. கதவு சாத்தும் சத்தத்தில் அவர்களால் பிள்ளையின் கோபத்தைக் கண்டுபிடிக்க முடியும். எனக்கு அந்தச் சத்தம் கிடையாது. ஆகவே நான் பார்த்ததற்காக யார் காலிலும் விழப் போவதில்லை. ஆனால் ஒரு தாய் பார்ப்பதை ஒரு பிளாட்டே பார்த்தது. பார்த்தவர்களில் ஒருவருக்கும் அவள் முகம் நேரில் தெரியாது. அந்தக் கணக்கில் நானும் அவர்களில் ஒருத்திதானோ என்று விமானத்தில் தோன்றியது. இன்னும் தோன்றுகிறது.

7

விடுமுறை முடியும் தறுவாயிலும் கயல் வரவில்லை. நானே திருவரங்குளம் போகிறேன் என்றேன். கணவர் வேண்டாம் என்றார். "நீ போயி நின்னா அங்கிருந்தும் கிளம்பிருவா. அப்பறம் எங்கிட்டுன்னு தேடுறது?" அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கோபம் வந்தது. துணிகளை மடித்துப் பெட்டியில் வைப்பதும் திரும்ப எடுப்பதுமாக இருந்தேன்.

அன்று பகலில் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண் தலையில் கட்டியிருந்த துப்பட்டாவை அவிழ்த்தார். நான் முன்பு பார்த்ததில்லை. பவித்ராவின் அம்மா என்றார். பின்னால் கயல் இருக்கிறாளா என்று நான் தெருவை எட்டிப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். உள்ளே வாங்க என்றேன். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். செம்பை வாசல் திண்டில் வைத்துவிட்டு, என் கணவர் உள்ளே இருக்கிறாரா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஒக்கார நேரமில்லைங்க. கயலு ஒண்ணு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு. டாக்டரம்மா குடுத்த மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடி போடணுமா. காலைல போட்டா வயித்தப் பெரட்டுதாம், அதுவும் சொல்லச் சொல்லுச்சு. என் போன்ல போட்டுத் தாரேன், நீயே கேளு கண்ணுன்னேன். மாட்டேன்னுட்டு. நீங்க எங்கிட்ட சொல்லுங்க. அவகிட்ட சொல்லிட்டு, நான் மறந்துர்றேன்."